"இது என்ன பூச்சி?" – குமரி மாவட்ட வீட்டுத் தோட்டங்களில் சாறு உறிஞ்சும் பூச்சிகளை அடையாளம் காண: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் நாற்றுப்பண்ணைக்கு வருகிறவர்களில் பலர் கையில் ஒரு கொம்போடுதான் வருகிறார்கள். தோவாளைப் பக்கமிருந்து பிச்சிக்கொடி, மார்த்தாண்டம் பக்கமிருந்து மரச்சீனித் (மரவள்ளி) தண்டு, நாகர்கோவில் மாடித் தோட்டங்களிலிருந்து செம்பருத்தி. "இது என்ன பூச்சி, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று ஒரே மூச்சில் கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு விடை கிடைக்காமல் இரண்டாவதற்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒரே பூச்சி அல்ல. சில வெள்ளைப் பூச்சிகள் உங்கள் செடியைக் காப்பாற்ற வந்தவை. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இலையில் ஓட்டை எதுவும் இல்லை. பிறகு எப்படிப் பூச்சிதான் காரணம் என்கிறீர்கள்?

புழுவும் வெட்டுக்கிளியும் கடித்துத் தின்பவை. அவை இருந்தால் இலையில் ஓட்டை விழும், ஓரம் அரிபடும், கீழே உருண்டை உருண்டையாக எச்சம் கிடக்கும். சாறு உறிஞ்சும் பூச்சிகளின் வாய் மயிரிழையைவிட மெல்லிய ஊசி. அதைத் தளிரிலோ நரம்பிலோ இறக்கிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். இலை முழுதாகவே இருக்கும். ஆனால் மஞ்சளிக்கும், சுருளும், தளிர் குறுகும், மொட்டு விரியாமல் உதிரும்.

ஆகவே ஓட்டை இல்லாமல் செடி நலிந்தால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இந்தப் பூச்சிகளில் பெரும்பாலானவை குடியிருப்பது அங்கேதான். மேலே நின்று பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று போய்விடுகிறவர்கள்தான் அதிகம்.

இலையெல்லாம் பிசுபிசுவென்று இருக்கிறது. மேலே கரி பூசியதுபோலக் கறுப்பு. இது நோயா, பூச்சியா?

இரண்டும். பூச்சி முதலில், பூஞ்சை பிறகு. செடியின் சாற்றில் சர்க்கரை நிறைய உண்டு, புரதத்துக்கு வேண்டிய சத்துகள் குறைவு. தேவையான சத்துக்காகப் பூச்சி அளவுக்கு மீறிச் சாற்றைக் குடிக்கிறது. மிஞ்சிய சர்க்கரையை இனிப்பு நீராக வெளியே தள்ளுகிறது. அது கீழிலைகளின் மேல் சொட்டுகிறது, தென்னையடியில் நிறுத்திய ஸ்கூட்டர் மேலும் சொட்டுகிறது. அந்த இனிப்பில் வளர்வதுதான் கரும்பூசணம்.

இந்தப் பூசணம் இலைக்குள் வேர் விடுவதில்லை. விரலால் தேய்த்தால் படலமாக வந்துவிடும், அடியில் பச்சை தெரியும். ஆனால் வெயிலை மறைத்துச் செடியைப் பட்டினி போடுகிறது. அடையாளம் காண்பதற்கு இது நல்ல வழிகாட்டி: கறுத்த இலையைப் பார்க்காதீர்கள், அதற்கு நேர் மேலே உள்ள இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குற்றவாளி அங்கே இருக்கும்.

பூச்சியைப் பார்க்க என்ன கருவி வேண்டும்?

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று போதும். அது இல்லையென்றால் செல்போன் கேமரா. அத்துடன் ஒரு பல்குத்தும் குச்சி, ஒரு வெள்ளைத் தாள். குச்சியால் மெல்லத் தொட்டு, என்ன செய்கிறது என்று கவனியுங்கள். நகர்கிறதா, குதிக்கிறதா, பறக்கிறதா, ஒட்டியபடியே கிடக்கிறதா? கீழே வரும் பதில்களில் பாதி, இந்த ஒரு சோதனையை நம்பியே நிற்கின்றன. தாள் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

செம்பருத்திக் கொம்பில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக இருக்கிறது. பூஞ்சையா?

பெரும்பாலும் மாவுப்பூச்சி. கள்ளிப்பூச்சி என்றும் சொல்வார்கள். குச்சியால் பஞ்சை விலக்குங்கள். உள்ளே நீள்வட்டமாக, கால் முளைத்த, மெத்தென்ற உடல் தெரியும். நசுக்கினால் ஈரம் கசியும். பூஞ்சையில் இந்த ஈரமும் காலும் இருக்காது. சாம்பல் நோய் என்றால் மாவு தூவியதுபோல் இலை முழுவதும் சீராகப் பரவியிருக்கும், கட்டிகட்டியாகத் திரளாது.

பஞ்சுக்குள் இளஞ்சிவப்பு உடல் தெரிந்து, நுனி இலைகள் முறுக்கிக் கொத்தாகச் சுருங்கியும் இருந்தால் அது இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. செம்பருத்தி அதற்கு மிகவும் பிடித்த செடி. அதன் உமிழ்நீரில் நச்சு உண்டு. அதனால்தான் நான்கைந்து பூச்சிகள் இருந்தாலும் நுனி முழுக்கக் கோணிப் போகிறது. அந்த நுனி மீண்டும் நிமிராது. ஒரு சாண் கீழே வெட்டி எடுத்துவிடுவதே நல்லது.

மாவுப்பூச்சி எல்லாம் ஒன்றுதானே? எதற்கு வகை பிரிக்க வேண்டும்?

பிரித்தே ஆக வேண்டும். ஒவ்வொன்றையும் அடக்கும் இயற்கை எதிரி வேறு. இதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டது. சில பருவங்களுக்குள் பப்பாளி, மல்பெரி, மரச்சீனி என்று மாநிலம் முழுக்கப் பரவியது. மருந்து மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. இது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி என்று அடையாளம் தெரிந்ததால், இதையே தேடி இதன் உடலுக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளை 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்டார்கள். அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி, கொசுவைவிடச் சிறியது. அது செய்த வேலையை எந்த மருந்தும் செய்யவில்லை.

வீட்டில் பார்த்துப் பிரிக்கச் சில குறிப்புகள் தருகிறேன். பப்பாளி மாவுப்பூச்சியின் உடல் மஞ்சள், நசுக்கினால் மஞ்சள் நீர் வரும். அதை ஸ்பிரிட்டில் போட்டு வைத்தால் நீலக்கறுப்பாக மாறிவிடும். பருத்தி மாவுப்பூச்சியின் முதுகில் வெள்ளைப் பொடிக்கு நடுவே கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். குரோட்டன்ஸிலும் கொய்யாவிலும் வரும் வால் மாவுப்பூச்சிக்குப் பின்னால் இரண்டு நீண்ட வால்கள், உடலைச் சுற்றிக் கண்ணாடி இழைபோல் மெல்லிய முடிகள்.

மரச்சீனி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 2020இல் கேரளத்தின் திருச்சூரில் மரச்சீனி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. நுனிக் கணுக்கள் நெருங்கி, இலைகள் முட்டைக்கோஸ்போல் கொத்தாகிவிடும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் அந்த மாதிரி நுனியைக் கண்டால் அந்தத் தண்டை நடவுக்கு யாருக்கும் கொடுக்காதீர்கள். இது ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் நடவுத் தண்டு வழியாகத்தான்.

அரளி நுனியில் மஞ்சள் மஞ்சளாக, கடுகு கொட்டியதுபோல் அப்பியிருக்கிறது. விஷமா?

அது அரளி அசுவினி, செடிப்பேன் வகை. பளிச்சென்ற மஞ்சள் உடல், கறுப்புக் கால்கள், பின்புறம் இரண்டு கறுப்புக் குழல்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் வேறு பூச்சியாக இருக்க முடியாது. எருக்கிலும் இதே பூச்சியைப் பார்க்கலாம். அரளியின் நச்சைத் தன் உடலிலேயே சேர்த்துவைப்பதால், தின்ன வரும் சில பூச்சிகளுக்கு இது ஒத்துக்கொள்ளாது. உங்கள் கையில் பட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் அரளிப் பால் பட்ட கையை வாயில் வைக்கக் கூடாது என்பது எப்போதும் உள்ள எச்சரிக்கை.

லென்ஸில் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள். பெரியது ஒன்று பின்புறத்திலிருந்து குட்டியை நேரடியாக ஈன்றுகொண்டிருக்கும். குட்டி கால்களை உதறிக்கொண்டு வெளியே வரும். இந்த இனத்தில் ஆண் துணை இல்லாமலேயே பெண்கள் பெண்களைப் பெறுகின்றன. ஒரு வாரத்தில் நுனி நிறைந்துவிடுவது இதனால்தான். அரளிக்கு இதனால் பெரிய ஆபத்து இல்லை. தண்ணீர்க் குழாயால் வேகமாக அடித்தாலே பெரும்பகுதி விழுந்துவிடும்.

தென்னையிலும் கொய்யாவிலும் இலைக்கு அடியில் வெள்ளைச் சுருள் கோலம்போல் இருக்கிறது. அது என்ன?

சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் 2016இல் பொள்ளாச்சியில் முதலில் கண்டறியப்பட்டது. தாய்ப்பூச்சி சுற்றிச் சுற்றி நடந்தபடி முட்டைகளை இட்டு, மேலே மெழுகைத் தடவிச் செல்வதால் அந்தச் சுருள். பூச்சி மற்ற வெள்ளை ஈக்களைவிட நன்றாகப் பெரியது, மந்தமானது. இலையைத் தட்டினால் சோம்பலாக எழும்பி மீண்டும் அங்கேயே உட்காரும். வாழை, சீத்தா, மா என்று பலவற்றிலும் வரும்.

இதே இலையில் சிறு சிறு பறவைக்கூடு மாதிரி வெள்ளை மெழுகு வளையங்களும், அதன் நடுவே மிகச் சிறிய ஈயும் இருந்தால் அது கூடு கட்டும் வெள்ளை ஈ, பின்னால் கேரளத்தில் கண்டறியப்பட்ட வேறு இனம். இரண்டும் ஒரே ஓலையில் குடியிருப்பது சாதாரணம். மரத்தடி கறுப்பாவதற்குக் காரணம் மேலே இரண்டாவது கேள்வியில் சொன்னதுதான்.

அண்ணாச்சி, தெச்சிச் செடியில் பின்னால் வெள்ளை விசிறி வைத்த ஒன்று. தொட்டால் காணாமல் போகிறது. பூச்சியா, விதையா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. எருக்கம்பஞ்சு பறந்து வந்து ஒட்டியது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது இலைத்தத்துப்பூச்சிகளின் உறவான தாவரத்தத்துப்பூச்சியின் குஞ்சு. நாலைந்து மில்லிமீட்டர் உடல். பின்முனையில் மெழுகு இழைகள் மயில்தோகைபோல் விரிந்திருக்கும். சிலவற்றில் அது ஒரு கற்றையாக நீண்டிருக்கும். குச்சியை நீட்டினால் முதலில் தண்டைச் சுற்றி மறுபக்கத்துக்கு நகரும். அப்போதும் விடாமல் தொடர்ந்தால் சட்டென்று குதிக்கும். கண்ணால் தொடர முடியாத வேகம்.

வளர்ந்த பிறகு அடையாளமே மாறிவிடும். கூரை சரிவதுபோல் இறக்கைகளை மடித்து, பச்சையாகவோ வெள்ளையாகவோ சிறு அந்துப்பூச்சி மாதிரி தண்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். குஞ்சும் பெரியதும் ஒன்றே என்று பலர் நம்புவதில்லை.

இந்தக் குடும்பத்துக் குஞ்சுகளின் குதிப்பில் ஒரு வியப்பு உண்டு. இஸ்ஸஸ் என்ற ஐரோப்பிய இனத்தின் குஞ்சுக்குப் பின்னங்கால்கள் உடலோடு சேரும் பகுதியில் பற்சக்கரங்கள் இருப்பதை 2013இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரண்டு கால்களின் பற்களும் ஒன்றோடொன்று பொருந்திச் சுழல்வதால் இரு கால்களும் ஒரே நொடியில் உந்துகின்றன. கடைசித் தோலுரிப்பில் அந்தச் சக்கரம் மறைந்துவிடுகிறது. உங்கள் வீட்டுத் தெச்சியில் நிற்பது அதே இனம் அல்ல. ஆனாலும் அந்த வம்சத்தைச் சேர்ந்தது என்று எண்ணிப் பார்க்கும்போது மருந்துக் குப்பியை எடுக்கக் கை வராது. எடுக்கவும் தேவையில்லை. ஒரு புதரில் பத்துப் பதினைந்து இருந்தால் செடிக்கு ஒன்றும் நேராது.

மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே, அதைவிடப் பெரியதாக, வெள்ளை முடியோடு ஒன்று வேகமாக ஓடுகிறது. அதுதான் தாயா?

இல்லை. தயவுசெய்து அதைக் கொல்லாதீர்கள். மாவுப்பூச்சி வேகமாக ஓடாது, தொட்டால்கூட மெல்லத்தான் ஊரும். தடித்த மெழுகுக் குச்சங்களோடு விரைந்து ஓடுவது கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. இரையைப் போலவே வெள்ளை வேடம் தரித்து, இரைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவற்றையே தின்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை 1898இலேயே காபித் தோட்டங்களுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வளர்ந்த வண்டின் இறக்கை கறுப்பு, தலைப்பக்கம் ஆரஞ்சு. குச்சியால் புழுவைத் திருப்பிப் பார்த்தால் கால்கள் நீளமாக, தெளிவாக இருக்கும். மாவுப்பூச்சியின் கால்கள் உடலுக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

மாவுப்பூச்சியைத் தின்னும் வண்ணத்துப்பூச்சிப் புழுவும் உண்டு. ஸ்பால்ஜிஸ் என்று பெயர். இரையின் மெழுகை முதுகில் அப்பிக்கொண்டு அழுக்கு உருண்டையாகத் தெரியும். அதன் கூட்டுப்புழுவை இலையில் கண்டால் மறக்கமாட்டீர்கள்: இரண்டு கண், மூக்கு என்று அப்படியே குரங்கு முகம். முதுகில் குப்பையைச் சுமந்து நடப்பது வேறு ஒன்று, கண்ணாடி இறக்கைப் பூச்சியின் குஞ்சு. அது அசுவினி தின்னி. மயிரிழைக் காம்பின் நுனியில் நிற்கும் வெள்ளை முட்டைகள் அதனுடையவை.

எறும்பு ஏறுவதால்தான் பூச்சி வருகிறதா? எறும்புப் பொடி போட்டால் போதுமா?

எறும்பு பூச்சியைப் பெறுவதில்லை, பாதுகாக்கிறது. முன்பு சொன்ன இனிப்பு நீர்தான் அதற்குக் கூலி. பொறிவண்டும் குளவியும் நெருங்கினால் எறும்பு விரட்டும். அதனால் எறும்பு வரிசை போகும் வழியைப் பின்தொடர்ந்தால் பூச்சி இருக்கும் இடத்துக்கே போய்ச் சேரலாம், தேடும் வேலை மிச்சம். தண்டைச் சுற்றித் துணி கட்டி, விளக்கெண்ணெய் தடவி எறும்பை நிறுத்தினால், தின்னிப் பூச்சிகள் தைரியமாக வேலை செய்யும். ஆனால் முசுறு எறும்பு கூடு கட்டிய மா, கொல்லா (முந்திரி) மரங்களில் யோசித்துச் செய்யுங்கள். முசுறு பல புழுக்களையும் நாவாய்ப்பூச்சிகளையும் வேட்டையாடுகிறது.

கறிவேப்பிலைக் கொழுந்தில் வெள்ளை நூல் நூலாக ஏதோ. சமைக்கலாமா?

அது சில்லிட் பூச்சியின் குஞ்சு. மஞ்சள் நிறத்தில் தட்டையாக, கொழுந்தின் மடிப்பில் நெருங்கி உட்கார்ந்து மெழுகு நூல் விடும். வளர்ந்த பூச்சியை உட்காரும் விதத்திலேயே கண்டுபிடிக்கலாம். தலையை இலையில் பதித்து, பின்புறத்தைத் தூக்கிச் சாய்வாக நிற்கும். வேறு எதுவும் இப்படி நிற்பதில்லை. கொழுந்தை ஒடித்து அப்புறப்படுத்துங்கள். முற்றிய இலைகளைக் கழுவிச் சமைக்கலாம், ஆனால் மருந்து அடித்த செடி என்றால் கூடாது.

பக்கத்தில் எலுமிச்சை இருந்தால் அசட்டையாக இருக்காதீர்கள். இதே பூச்சி எலுமிச்சையிலும் வாழும், அங்கே மரத்தையே சாகடிக்கும் பச்சை நோயைப் பரப்பும். வாழையிலும் இதே கதை. குருத்தின் மடிப்பில் இருக்கும் கரும்பழுப்பு அசுவினி குடிக்கும் சாறு அற்பம். அது கொண்டுவரும் முடிக்கொத்து நோய்தான் மட்டியையும் செவ்வாழையையும் குலை தள்ளவிடாமல் செய்கிறது.

கொம்பில் இருந்த முள் நகர்ந்தது. உண்மையிலேயே பார்த்தேன்.

நம்புகிறேன். அது முள்பூச்சி. சூபாபுல், கருவேலம் போன்றவற்றின் தண்டில் வரிசையாக உட்காரும், தோளில் இரண்டு கொம்பு. எறும்புத் துணை இதற்கும் உண்டு. தீங்கு சொற்பம்.

செடியில் யாரோ எச்சில் துப்பியதுபோல் நுரை இருக்கிறதே?

நுரையைக் குச்சியால் விலக்குங்கள், உள்ளே மெத்தென்ற குஞ்சு ஒன்று தலைகீழாக இருக்கும். நீர்ச் சாற்றை அளவின்றிக் குடித்து, கழிவில் காற்றைக் கலந்து நுரையாக்கித் தன்னை மூடிக்கொள்கிறது. வெயிலும் எதிரியும் உள்ளே வராது. மழை தொடங்கிய பின் பார்க்கலாம். அப்படியே விட்டுவிடுங்கள்.

இட்லிப்பூச் செடித் தண்டில் பச்சையாக, தட்டையாக ஒட்டியிருக்கிறது. நகமே பட்டால்தான் வருகிறது. பூச்சி மாதிரியே இல்லை.

செதில்பூச்சி. பிறந்த சில நாட்கள் ஊர்ந்து இடம் தேடும். பின்பு ஊசியை இறக்கிவிட்டால் பெரும்பாலும் அதே இடம்தான். இட்லிப்பூ, கொய்யா, காபி, எலுமிச்சை ஆகியவற்றில் வரும் பச்சைச் செதிலை லென்ஸில் பார்த்தால், உடலுக்குள் கறுப்புப் புள்ளிகள் வளைந்த கோடாகத் தெரியும். அந்த வளைவு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். இட்லிப்பூச் செடி கறுப்பதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான்.

இன்னொரு வகை ஓட்டுச் செதில். நகத்தால் நிமிண்டினால் மூடி தனியாக வரும், பூச்சி தனியாக இருக்கும். இது சர்க்கரைச் சாற்றைத் தொடாமல் செல்களில் குடிப்பதால் பிசுபிசுப்பும் கரும்பூசணமும் வராது, எறும்பும் வராது. எனவே "எறும்பு இல்லை, பூச்சி இல்லை" என்று முடிவுகட்டாதீர்கள்.

லென்ஸ் வைத்தும் ஒன்றும் தெரியவில்லை. இலை மட்டும் வெளிறிச் சுருள்கிறது.

இப்போது வெள்ளைத் தாளை எடுங்கள். கிளையைத் தாளின் மேல் தட்டுங்கள். கோடுபோல் ஒல்லியாக ஊர்ந்தால் இலைப்பேன். தூசிபோல் விழுந்து நகரும் புள்ளி என்றால் சிலந்திப்பேன். இதற்கு எட்டுக் கால், பூச்சி இனமே அல்ல. பூச்சிமருந்துகள் பல இதனிடம் பலிக்காததற்குக் காரணம் அதுதான். சாய்வாக நண்டு நடை போட்டுக் குதிப்பது இலைத்தத்துப்பூச்சி, அது இருந்தால் இலை ஓரத்திலிருந்து மஞ்சளிக்கும். மிளகாயில் இலை மேல்நோக்கிப் படகாக மடங்கினால் இலைப்பேன், கீழ்நோக்கி மடங்கிக் காம்பு நீண்டால் சிலந்திப்பேன்.

வேலிக்கு வைக்கும் ஃபைகஸ் செடியில் இலை நடுவில் இரண்டாக மடிந்திருந்தால் பிரித்துப் பாருங்கள். கறுத்த இலைப்பேன்கள் குடும்பத்தோடு உள்ளே இருக்கும். பிச்சியிலும் மல்லிகையிலும் இலை, மொட்டின் மேல் வெள்ளை வெல்வெட் படிந்து, தேய்த்தாலும் போகவில்லை என்றால் அது மாவுப்பூச்சி அல்ல. கண்ணுக்கே தெரியாத ஒரு வகைச் சிலந்திப்பேனின் தூண்டுதலால் இலையே முளைக்கவைத்த முடி அது. அதற்குப் பூச்சிமருந்து வீண். பாதித்த நுனிகளை வெட்டி எரிப்பதும், நனையும் கந்தகம் தெளிப்பதும்தான் வழி. தோவாளைச் சந்தைக்குப் பூப்பறிக்கும் வீடுகளில் இந்தக் குழப்பத்தால் வீணாகும் மருந்துச் செலவைப் பார்த்து வருந்துகிறேன்.

செம்பருத்தியில் சிவப்புப் பூச்சிகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு நடக்கின்றன. கடிக்குமா?

கடிக்காது. சிவப்புப் பருத்தி நாவாய்ப்பூச்சி அது. இணைசேர்ந்தபடியே எதிரெதிர்த் திசையில் இழுத்துக்கொண்டு நடக்கும். அதற்கு வேண்டியது விதை. பக்கத்தில் இலவ மரமோ வெண்டையோ இருக்கும், தேடிப் பாருங்கள்.

கொல்லாமாவின் தளிர் கருகுகிறது. வேம்பும் நுனி காய்கிறது. பூச்சி எதுவும் தங்கியிருக்கக் காணோம்.

காலை இளவெயிலிலோ சாயங்காலமோ போய்ப் பாருங்கள். தேயிலைக் கொசு என்பார்கள், ஆனால் கொசு அல்ல, ஒல்லியான நாவாய்ப்பூச்சி. முதுகில் குண்டூசி குத்தி நிறுத்தியதுபோல் ஒரு குமிழ் நிற்கும். அதைக் கண்டால் உறுதி. குத்திய இடம் முதலில் நீர்கோத்துப் பிறகு கறுக்கும், கொல்லாவில் பிசின் வடியும். வேம்பில் நுனி காய்வதற்கு இதனுடன் ஒரு பூஞ்சையும் சேர்ந்துகொள்கிறது.

கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தது இந்தப் பூச்சியை ஒழிக்கத்தான். அங்கே மனிதர்கள் பட்ட பாடு நாடறியும். 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. ஒரு பூச்சிக்காக ஊரின் காற்றையும் தண்ணீரையும் பணயம் வைக்கக் கூடாது என்று நான் சொல்லும்போது, எல்லைக்கு அப்பால் இருக்கும் அந்தக் கிராமங்களை நினைத்துத்தான் சொல்கிறேன்.

எந்த மாதம் அதிகம் வரும்? நம் ஊரில்தான் இரண்டு மழையாயிற்றே.

தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே கிடைப்பது குமரிச் செடிகளின் பாக்கியம். கனமழை அசுவினியையும் வெள்ளை ஈயையும் அடித்துக் கழுவிவிடும். மாசி முதல் சித்திரை வரை வறண்ட நாட்களில்தான் மாவுப்பூச்சியும் சிலந்திப்பேனும் பெருகும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்துக் காற்றும் வறட்சியும் இலைப்பேனுக்குத் தோது. மேற்கே திருவட்டார், குலசேகரம் பக்கம் நிழலும் ஈரமும் அதிகம் என்பதால் செதிலும் கரும்பூசணமும் கூடுதல். மழை முடிந்து தளிர் விடும் மாதங்களில் தேயிலைக் கொசுவைக் கவனியுங்கள்.

வெள்ளை ஈ குஞ்சுகள் சில கறுத்துப்போய் இருக்கின்றன. மருந்து வேலை செய்துவிட்டதா?

இதை மட்டும் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். குஞ்சுக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்தாலும் நிறம் கறுக்கும். லென்ஸில் அதன் கூட்டைப் பாருங்கள். வெள்ளை ஈ தானாக வெளியேறினால் கூட்டின் முதுகு ஆங்கில 'T' வடிவில் பிளந்திருக்கும். குளவி வெளியேறியிருந்தால் துளை வட்டமாக, வெட்டியெடுத்ததுபோல் சுத்தமாக இருக்கும். அசுவினியிலும் இப்படித்தான்: பழுப்பு நிறத்தில் உப்பி, காகிதம்போல் காய்ந்து ஒட்டிக் கிடப்பவை குளவி குடியிருந்தவை.

வட்டத் துளைகள் கணிசமாகத் தெரிந்தால் அந்த ஓலையை வெட்டி எரிக்கவும் கூடாது, மருந்து தெளிக்கவும் கூடாது. முடிந்தால் அந்த இலைத்துண்டைப் பக்கத்து மரத்தில் கட்டிவிடுங்கள். தென்னையில் சுருள் வெள்ளை ஈக்கு என்கார்சியா குளவியைப் பரப்ப வேளாண்துறையினர் சொல்லும் முறையும் இதுதான்.

எல்லாம் சரி, கடைசியில் என்னதான் அடிப்பது?

முதலில் தண்ணீர். இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாக, இரண்டு மூன்று நாள் இடைவெளியில். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலக்கும் அளவுக்குக் காதி சோப்பு. சாயங்காலம் தெளியுங்கள், நடுவெயிலில் இலை கருகும். மாவுப்பூச்சிக்கு மீன் எண்ணெய் சோப்பு லிட்டருக்கு 25 கிராம் நன்றாக வேலை செய்யும், ஏனெனில் மெழுகை ஊடுருவும். கரும்பூசணத்துக்கு மைதாவைக் காய்ச்சி நீர்க்கக் கரைத்து, நல்ல வெயில் நாளில் தெளித்தால், காய்ந்து உரியும்போது பூசணத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும்.

கடையில் "எல்லாப் பூச்சிக்கும்" என்று கொடுக்கும் கடும் மருந்தை வீட்டுச் செடிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அது பொறிவண்டையும் குளவியையும் முதலில் கொல்லும். மெழுகுக்குள் தப்பிய மாவுப்பூச்சி எதிரியே இல்லாமல் முன்பைவிடப் பெருகும். பூஜைக்குப் பறிக்கும் செம்பருத்தியும் குழம்புக்குப் பறிக்கும் கறிவேப்பிலையும் அதே செடிதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதில் எதிலும் அடங்காத பூச்சி வந்தால் யாரிடம் கொண்டுபோவது?

திருப்பதிசாரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையமும், பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. வட்டார தோட்டக்கலை அலுவலகத்திலும் கேட்கலாம். கொண்டுபோகும்போது பூச்சியை மட்டும் பிடுங்கி எடுக்காதீர்கள். அது உட்கார்ந்திருக்கும் இலையோடு, கொம்போடு வெட்டுங்கள். ஈரமில்லாத காகிதத்தில் சுற்றி, பாலித்தீன் பையின் வாயை இறுகக் கட்டுங்கள், வழியில் அடுத்த தோட்டத்தில் உதிரக் கூடாது. ஒன்றிரண்டைச் சிறு குப்பியில் ஸ்பிரிட்டில் போட்டுத் தனியாக எடுத்துச் செல்லுங்கள்.

அதற்கு முன் மூன்று படங்கள் எடுங்கள்: செடி முழுவதும் ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று, பூச்சி மட்டும் பெரிதாக ஒன்று. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவு தெரியும். எந்தச் செடி, எந்த ஊர், எப்போது முதல், என்ன மருந்து ஏற்கெனவே அடித்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். கடைசிக் கேள்விக்குப் பலர் மறைத்துப் பதில் சொல்கிறார்கள். அடித்த மருந்தைச் சொல்லிவிடுங்கள், அது தெரியாமல் செடியில் நடப்பதைப் புரிந்துகொள்ளவே முடியாது.